‘குடிச்சிருந்தாங்களா?’ என்ற கேள்வி

இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தவளை, வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் நிறுத்தி என்னவென்று கேட்டேன். அம்மாவுக்குக் கையில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது, சமையலும் தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவதும் தன் தலையில் விழுந்துவிட்டது என்றாள். எப்படி முறிந்தது என்றேன். பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த உடனே என் வாயிலிருந்து வந்த கேள்வி இதுதான்: “அப்பா குடிச்சிருந்தாங்களாம்மா?”

“இல்ல மேடம். அன்னைக்குக் குடிக்கல” என்றாள்.

அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆமாம் என்று அவள் சொல்லியிருந்தால் பேச என்னிடம் எவ்வளவோ இருந்தது. டாஸ்மாக் கடையைத் திட்டியிருப்பேன். குடியை நிறுத்தும் சிகிச்சை பற்றிச் சொல்லியிருப்பேன். குடியால் அழிந்த நாலு குடும்பத்தின் கதையைச் சொல்லி ஆறுதல் செய்திருப்பேன். அவள் சொன்ன ‘இல்லை’ அத்தனையையும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. ‘சரிம்மா, பாத்துக்கோ’ என்று ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன்.

அன்று இரவு என் கேள்விதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பெண்ணின் கை முறிந்திருக்கிறது. அதைக் கேட்டவுடன், முறித்தவன் குடித்திருந்தானா என்று நான் ஏன் தெரிந்துகொள்ள விரும்பினேன்? குடித்திருந்தான் என்று தெரிந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும்? கொஞ்சம் நிம்மதி கிடைத்திருக்கும் என்பதே உண்மை. அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு சங்கரன்கோவிலில் குறைவு. சுற்றுக் கிராமங்களில் மடியில் பீடித்தட்டோடு பெண்கள் உட்கார்ந்திராத திண்ணை குறைவு. வாரக் கூலி கைக்கு வரும் நாளில் மதுக்கடைப் பக்கம் கூட்டம் கூடும். மறுநாள் காலை குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் ஒரே வாக்கியம் பல குரல்களில் கேட்கும். “குடிச்சாத்தான் அவுக அப்படி. குடிக்கலைன்னா பச்சப்புள்ள.” “தண்ணி உள்ள போச்சுன்னா அது வேற ஆளு.” “மத்தபடி தங்கமான மனுசன், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டாக.”

படித்த பெண்கள் இந்த வாக்கியத்தைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. அறியாமை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாளை காலையும் அதே வீட்டில் அதே ஆளுக்குச் சோறு போட்டாக வேண்டிய ஒருத்திக்கு, அவனை இரண்டாகப் பிரித்துக்கொள்வது உயிர் வாழும் வழி. அடித்தவன் ஒருவன், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் தூக்கிச் சுமந்தவன் வேறொருவன் என்று வைத்துக்கொண்டால்தான் இரண்டாமவனோடு வாழ முடியும். குடி என்ற ஒன்று நடுவில் இருப்பதால் நம்பிக்கையும் மிஞ்சுகிறது. குடியை நிறுத்திவிட்டால் தங்கம் மட்டும் மீதியிருக்கும் அல்லவா? அவளுக்குப் போக வேறு வீடில்லை. கையில் இருக்கும் ஒரே நம்பிக்கையை யார் விடுவார்?

ஆகவே அந்த வாக்கியத்தைச் சொல்லும் பெண்ணிடம் எனக்குக் கேள்வி இல்லை. அதே வாக்கியத்தைக் கடன் வாங்கி அவள் மாமியார் பேசுகிறார், ஊர்ப் பெரியவர் பேசுகிறார், புகாரை வாங்குகிறவர் பேசுகிறார், பத்திரிகை எழுதுகிறது, கடைசியில் நானும் வராந்தாவில் நின்று பேசினேன். அவளுக்கு உயிர்ப்பிடியாக இருக்கும் சொல், இவர்கள் வாயில் போனதும் அடித்தவனுக்குக் கேடயமாகிவிடுகிறது.

இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் வாக்கியங்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று சுவர்களிலும் மேடைகளிலும் காலம்காலமாகச் சொல்கிறோம். இதில் எழுவாய் குடி. செயப்படுபொருள் குடும்பம். குடித்தவன் இந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. ‘குடிபோதையில் மனைவிக்கு அடி’ என்று செய்தி வருகிறது. அடித்தவன் பெயரே இல்லாமல் அடி மட்டும் நிற்கிறது. ‘போதையில்’ என்பதில் உள்ள இல் உருபு அவனைக் கொண்டுபோய் ஓர் இடத்துக்குள் உட்கார்த்திவிடுகிறது. அந்த இடத்துக்குள் இருந்தவரை நடந்ததற்கு இடமே பொறுப்பு என்பதுபோல.

சரி, குடிக்கும் அடிக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று இந்தியா முழுவதும் மணமான பெண்களிடம் இதைக் கேட்டது. அடிக்கடி போதையேறக் குடிக்கும் கணவர்களின் மனைவியரில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். குடிப்பழக்கமே இல்லாத கணவர்களின் மனைவியரில் அது ஏறக்குறைய 23 விழுக்காடு. மூன்று மடங்கு வித்தியாசம். போதை ஏறியவனின் கவனம் குறுகிவிடுகிறது, கண் முன்னால் இருக்கும் எரிச்சல் மட்டுமே அவனுக்குப் பெரிதாகத் தெரிகிறது, நாளை என்ன ஆகும் என்ற எண்ணம் மங்குகிறது என்று உளவியலாளர்கள் விளக்குகிறார்கள். அடி விழுவதும் கூடுகிறது, விழும் அடியின் வேகமும் கூடுகிறது.

ஆனால் அந்த 23ஐயும் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு மதுவும் தொடாதவர்கள் அவர்கள். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர் நான்கில் ஒருவர்தான். மணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்களோ 38 விழுக்காடு. குடிக்காத ஆண்களே எண்ணிக்கையில் அதிகம் என்பதால், குடிக்காதவன் கையால் அடிவாங்கிய பெண்களின் கூட்டம் சிறியதல்ல. நான் வராந்தாவில் கேட்ட கேள்வி, அந்தக் கூட்டம் முழுவதையும் பேச்சிலிருந்தே வெளியேற்றிவிடும் கேள்வி.

குடித்தவனுக்கே வருவோம். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்கிறோம். உண்மையாகவா? மதுக்கடையிலிருந்து வீடு வரும் வழியில் எத்தனை பேர் அவன் எதிரில் வருகிறார்கள். கடன் கொடுத்தவர் வருகிறார், தறிப்பட்டறை முதலாளி வருகிறார், சந்திப்பில் போலீஸ்காரர் நிற்கிறார். அவர்களில் யாரையும் அவன் அடிப்பதில்லை. முதலாளியைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிடும் அளவுக்கு அவனுக்குத் தெளிவு இருக்கிறது. வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்தி, தாழ் போட்ட பிறகுதான் அவனுக்கு ‘ஒன்றும் தெரியாமல்’ போகிறது. தாழ் போடத் தெரிந்த கைக்கு அடிப்பது தெரியாதா?

அடிபடுவது மனைவி மட்டுமல்ல. வயதான தாயின் முதியோர் ஓய்வூதியப் பணத்தைக் கேட்டு, கொடுக்காத தாயை அடிக்கும் மகன்கள் உண்டு. அங்கேயும் வெறியில் கை நீண்டுவிட்டது என்கிறோம். திருப்பி அடிக்க முடியாதவளைத் தேர்ந்தெடுத்து நீளும் கை அது.

அமெரிக்க ஆய்வாளர்களான கிரெய்க் மெக்ஆண்ட்ரூவும் ராபர்ட் எட்கர்டனும் 1969இல் ஒரு நூல் எழுதினார்கள். பல சமூகங்களில் மக்கள் குடித்துவிட்டு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஒப்பிட்ட நூல். சில சமூகங்களில் நினைவு தப்பும்வரை குடித்தாலும் சண்டை வருவதில்லை. சில சமூகங்களில் கொஞ்சம் குடித்ததும் கை ஓங்குகிறது. ஒரே சமூகத்திலேயே குடித்தவன் சிலரைத் திட்டுவான், சிலரை ஏறிட்டும் பார்க்கமாட்டான். போதையில் எப்படி நடக்க வேண்டும் என்பதை மனிதர்கள் தம் சமூகத்திடமிருந்தே கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. நம் ஊர் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சொல்ல முடியுமா? குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்ன செய்தாலும் கணக்கில் வராது என்று ஒவ்வொரு சிறுவனும் தன் தெருவைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். யாரை அடித்தால் கணக்கில் வராது என்பதையும் சேர்த்தே கற்கிறான்.

குடித்த பெண்ணிடம் ஊர் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால் இந்தக் கணக்கு வெளிச்சமாகிவிடும். ஆண் குடித்துவிட்டு அடித்தால், குடி அவன் குற்றத்தைக் குறைக்கிறது. ஒரு பெண் குடித்திருந்த நேரத்தில் அவள்மீது யாராவது கை வைத்தால், குடி அவளையே குற்றவாளியாக்குகிறது. அவள் ஏன் குடித்தாள், அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று கேட்கிறார்கள். அதே திரவம்தான். ஒருவரின் பொறுப்பைக் கழுவுகிறது, இன்னொருவர் தலையில் பொறுப்பைக் கொட்டுகிறது. மதுவுக்கு இப்படிப் பால் பார்த்து வேலை செய்யும் குணம் கிடையாது. அது நம்முடைய குணம்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகள் போதையைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 23, 24ஆம் பிரிவுகள். ஒருவனுக்குத் தெரியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ போதை கொடுக்கப்பட்டு, தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத நிலையில் அவன் செய்தது குற்றமாகாது. தானே விரும்பிக் குடித்தவனுக்கு இந்தச் சலுகை இல்லை. போதையில்லாமல் இருந்திருந்தால் அவனுக்கு என்ன அறிவு இருந்திருக்குமோ, அந்த அறிவு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஒரு கல்யாண வீட்டில் குடித்திருந்த ஒருவர், தான் உட்கார வசதியாக நகரச் சொல்லி, நகராத சிறுவனைச் சுட்டுக் கொன்ற வழக்கில் 1956இல் உச்சநீதிமன்றம் இந்தப் பிரிவை ஆராய்ந்தது. அவரால் தானாக நடமாட முடிந்தது, கோவையாகப் பேச முடிந்தது என்பதைக் கவனித்து, கொலைக் குற்றத்தை உறுதிசெய்தது.

இதற்கும் வெகுகாலம் முன்பு, கிரேக்கத்தின் மிட்டிலீன் நகரில் பிட்டகஸ் என்பவர் குடித்துவிட்டுக் குற்றம் செய்கிறவனுக்குக் கூடுதல் தண்டனை விதித்தார். அரிஸ்டாட்டில் இதைக் குறிப்பிடுகிறார். குடித்துக் குற்றம் செய்கிறவனுக்கு இரட்டைத் தண்டனை தருவது ஏன் நியாயம் என்று தன் அறவியல் நூலில் அவர் சொல்லும் காரணம் எளியது: குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது.

சட்டப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவு. ஆனால் புகார் கொடுக்கப் போகும் பெண்கள் என்னிடம் சொன்ன அனுபவம் வேறு. இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். கடைசியில் ஒரு தாளில் அவர் எழுதிக் கொடுப்பார். என்ன எழுதிக் கொடுத்தார் என்று ஒருத்தியிடம் கேட்டேன். “இனிமே குடிக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தாக” என்றாள். அவள் கொடுத்த புகார் அடித்ததைப் பற்றியது. அவர் கொடுத்த வாக்குறுதி குடியைப் பற்றியது. இனி அடிக்க மாட்டேன் என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. அது இல்லை என்பதை அங்கிருந்த யாரும் கவனிக்கவில்லை, அவளையும் சேர்த்து.

இந்த இடமாற்றம் புதியதல்ல. கள்ளுண்ணாமை திருக்குறளின் 93ஆம் அதிகாரம். குடிப்பவனைப் பகைவர் அஞ்சமாட்டார்கள், சான்றோர் மதிக்கமாட்டார்கள், ஊரார் நகைப்பார்கள் என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. ஒரு குறளில் பெற்ற தாய் வருகிறாள். இன்னொன்றில் நாணம் ஒரு பெண்ணாக வந்து அவனைவிட்டு முகம் திருப்பிப் போகிறாள். அவன் வீட்டில் இருக்கும் மனைவி மட்டும் வரவில்லை. இரண்டு அதிகாரங்களுக்கு முன், பெண்வழிச்சேறலில் அவள் வருகிறாள், அவள் சொல் கேட்டு நடக்கும் கணவனை எச்சரிப்பதற்காக. வள்ளுவர் காலத்தைவிட்டு இன்றைய மேடைக்கு வந்தாலும் பெரிய மாற்றமில்லை. குடியைப் பற்றிய நம் அறப்பேச்சு நெடுங்காலமாகக் குடிப்பவனின் மானம், குடிப்பவனின் உடல், குடிப்பவனின் சொத்து பற்றியதாகவே இருக்கிறது. அவன் கையில் அடிபடுகிறவளின் உடல் அந்தப் பேச்சுக்குள் நுழையவே இல்லை.

அதை நுழைத்தவர்கள் பெண்களே. ஈரோட்டில் 1921இல் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்கள் நாகம்மையும் கண்ணம்மாளும். ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் 1992இல் அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்ற தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்தப் போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவி, 1995இல் முழு மதுவிலக்குவரை கொண்டுபோனது. 1997இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2017 ஏப்ரலில், நெடுஞ்சாலை ஓரக் கடைகளை அகற்ற வேண்டும் என்ற உச்சநீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கடைகள் குடியிருப்புகளுக்குள் நகர்ந்தபோது, தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படிப் போராடிய ஒரு பெண்ணைக் காவல்துறை உயர் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடே காணொளியில் பார்த்தது. அந்த அறையை யாரும் போதையின் கணக்கில் எழுதவில்லை. பணியில் சீருடையோடு இருந்தவரின் கை அது. குடிக்கு எதிராகப் பேசிய பெண்மீது நடுத்தெருவில் விழுந்த அடிக்குக் குடி தேவைப்படவில்லை.

கடைகளை மூட வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்தது. 2023-24ஆம் நிதியாண்டில் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் அதிகம். அதில் பீடி சுற்றிய பெண்களின் காசும் இருக்கிறது, அவர்கள் அடிவாங்கிக் கொடுத்த காசும் இருக்கிறது. பீகாரில் 2016இல் வந்த மதுவிலக்கால் சுமார் 21 லட்சம் பெண்கள் கணவரின் வன்முறையிலிருந்து தப்பியிருக்கலாம் என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு மனம் வராது.

இன்னொரு நிகழ்வும் நினைவில் இருக்க வேண்டும். 2020 மார்ச் இறுதியிலிருந்து மே முதல் வாரம்வரை, பெருந்தொற்று ஊரடங்கில் தமிழ்நாட்டின் மதுக்கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பல வீடுகளில் அது அமைதியான காலம் என்று பெண்கள் சொன்னார்கள். அதே வாரங்களில் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் கூடின. கடை மூடினால் அடி குறையும். கடை மூடினாலே அடி நின்றுவிடாது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அப்படியானால் பொறுப்பு யாருடையது, அரசுடையதா, அடித்தவனுடையதா? இந்தக் கேள்வியை ஒரு தோசையைப் பங்கிடுவதுபோல நாம் கேட்கிறோம். அரசுக்குப் பாதி என்றால் அவனுக்குப் பாதிதான் மிஞ்சும் என்பதுபோல. 2018 மே மாதத்தில் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த மாணவன் ஒருவன், தந்தையின் குடியால் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டான். அந்த முடிவில் மேன்மை எதுவும் இல்லை. அவனுக்கு வேறொரு கதவை நாம் திறந்துவைக்கவில்லை என்ற வெட்கம்தான் இருக்கிறது. ஆனால் அவன் விட்டுப்போன கடிதம் இரண்டு பேரை நோக்கியிருந்தது. அப்பா இனியாவது குடிக்கக் கூடாது என்று கேட்டது. மதுக்கடைகளை அரசு மூட வேண்டும் என்றும் கேட்டது. ஒருவரைச் சொன்னதால் மற்றவரை விடவில்லை. பொறுப்பு பங்கிட்டால் குறைகிற பொருளல்ல என்று அந்த வயதில் அவனுக்குத் தெரிந்திருந்தது. அரசும் முழுப் பொறுப்பு. அடிக்கிறவனும் முழுப் பொறுப்பு.

என் வாதத்துக்கு எதிராக ஒன்று சொல்லப்படலாம். குடிக்கு அடிமையாதல் ஒரு நோய் என்று மருத்துவம் சொல்கிறது. நோயாளியைக் குற்றம் சொல்லலாமா? அது நோய்தான். வெறும் மன உறுதியால் நிறுத்திவிடு என்று சொல்வது கொடுமை. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். அவருக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும், இகழ்ச்சி கூடாது. ஆனால் குடி நோய் என்பதால் அடியும் நோயாகிவிடாது. அதே நோயோடு, குடித்துவிட்டு வந்து திண்ணையில் சுருண்டு படுத்துத் தூங்கிவிடுகிறவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமானது காலை நேரம். எவ்வளவு குடித்தாலும் ஒரு காலை வருகிறது. அவள் முகத்தில் வீக்கத்தை அவன் பார்க்கிறான். தான் என்ன செய்தோம் என்று தெரிந்துகொள்கிறான். சிலர் அழுகிறார்கள். சிலர் பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி வந்து கொடுக்கிறார்கள். குடித்தால் நான் அடிப்பேன் என்ற அறிவு அந்தக் காலையில் அவனிடம் முழுசாக இருக்கிறது. அந்த அறிவை வைத்து அவன் என்ன செய்தான்? சிகிச்சைக்குப் போனானா? குடித்த இரவில் வீட்டுக்கு வராமல் இருக்க வழி தேடினானா? தன் அம்மாவிடமோ நண்பனிடமோ, என்னைத் தடுங்கள் என்று சொன்னானா? மல்லிகை வாங்கியதோடு சரி என்றால், அடுத்த அடி இரவில் தொடங்கவில்லை, காலையிலேயே தொடங்கிவிட்டது. குடித்தவனைத் தெளிந்தவன்தான் ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறான். ஆகவே பதில் சொல்ல வேண்டியவன் தெளிந்தவன்.

ஆடித்தபசு நாளில் எங்கள் ஊர் கொள்ளாத கூட்டம் கூடும். கோமதி அம்மன் தவமிருந்து கேட்ட வரம், சிவனும் திருமாலும் ஒருவரே என்று தனக்குக் காட்ட வேண்டும் என்பது. ஒரு பாதி சங்கரர், மறுபாதி நாராயணர் என்று இறைவன் ஒரே உடம்பில் காட்சி கொடுத்ததாகக் கதை. அந்தத் திருமேனிக்கு முன்னால்தான் எங்கள் பெண்கள், ‘என் வீட்டுக்காரரு குடிய மறக்கணும் தாயே’ என்று கண்ணீரோடு நிற்கிறார்கள். குடித்தவன் ஒருவன், தங்கமானவன் ஒருவன் என்று இரண்டாகவே மனதில் வைத்து வேண்டுகிறார்கள். எனக்கோ அந்தச் சந்நிதியில் நிற்கும்போதெல்லாம், இரண்டல்ல, ஒருவர்தான் என்று அறிவதற்காகத்தான் அம்மை ஒற்றைக் காலில் நின்றாள் என்று தோன்றும். அதை அறிவது வரமாகவும் இருக்கலாம், பெரிய துயரமாகவும் இருக்கலாம்.

அந்த மாணவியை மறுபடி கூப்பிட்டேன். இம்முறை கேள்வியை மாற்றிக் கேட்டேன். அம்மா இப்போது எங்கே இருக்கிறார், இரவில் பயமில்லாமல் தூங்க முடிகிறதா என்று.

“ஆச்சி வீட்டுல இருக்காங்க மேடம்.” கொஞ்சம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னாள். “நீங்க அன்னைக்குக் கேட்டதத்தான் ஆஸ்பத்திரியிலயும் கேட்டாங்க. இல்லன்னதும் அவங்களும் ஒண்ணும் பேசல.”

“அடிக்கிறதுக்கு முன்னாடி அப்பா என்ன செஞ்சாங்கம்மா?”

“டிவி சத்தத்தக் கூட்டி வச்சாங்க.”

அந்த வாரக் கடைசியில் அவள் ஆச்சி வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு அம்மா உட்கார்ந்திருந்தார். பீடி சுற்ற இரண்டு கையும் வேண்டும். கூலி நின்றுபோன கவலைதான் அவர் பேச்சில் முதலில் வந்தது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அதன்படி பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம், 181 என்ற எண்ணில் அழைக்கலாம், வீட்டைவிட்டு அவரை வெளியே இருக்கச் சொல்லிக்கூட நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மகள் தாளும் பேனாவும் எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

“டீச்சர், அவுக குடிச்சிருந்தாகன்னு எழுதிரட்டுமா?” என்றார் அம்மா. “அப்பத்தான எடுத்துக்கிடுவாக?”

எனக்குத் தொண்டை அடைத்தது. நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து கேட்டுக் கேட்டு, அடிபட்டதற்கு ஒரு தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று அவரை நம்பவைத்திருக்கிறோம்.

“வேண்டாங்க்கா. நடந்தத நடந்தபடி எழுதுங்க.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மகள் எழுதினாள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று நான் பாடம் நடத்திய அதே வரிசையில் முதல் வாக்கியம் வந்து நின்றது.

என் கணவர் என்னை அடித்தார்.